கடிகார முள்ளில் ஒரு கை

[திரை: கறுப்பு வெள்ளைக் காட்சி]

உயரமான கட்டடம். சுவர்ல பெரிய கடிகாரம். அதோட முள்ளைப் புடிச்சுக்கிட்டு, வட்டக் கண்ணாடி போட்ட ஒருத்தர் தொங்குறார். கீழே காரெல்லாம் தீப்பெட்டி சைஸ்ல ஓடுது. 1923-ல வந்த 'சேஃப்டி லாஸ்ட்'. நடிகர் ஹெரால்ட் லாயிட். படம் பார்க்காதவங்களும் இந்த ஸ்டில்லை எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

[வலது கை, குளோசப்]

இந்தக் கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நிஜமில்ல. 1919-ல ஒரு போட்டோ எடுக்குறாங்க. கையில குண்டு, அதோட திரியில சிகரெட் பத்தவைக்கிற மாதிரி போஸ். டம்மின்னு நெனச்ச குண்டு வெடிச்சிருச்சு. ரெண்டு விரல் போச்சு, கொஞ்ச நாள் கண்ணும் தெரியல. அதுக்கப்புறம் செயற்கை விரல் வச்ச கையுறையோடதான் நடிச்சார்.

இந்தப் படம் முளைச்சதே லாயிடோட பயத்துலதான். லாஸ் ஏஞ்சல்ஸ்ல பில் ஸ்ட்ரோதர்னு ஒருத்தர், வெறுங்கையால கட்டடம் ஏறுறவர். அதை வேடிக்கை பார்க்க நின்ன லாயிடுக்குக் கொஞ்ச நேரத்துலயே தாங்கல. விறுவிறுன்னு நடந்து தெருமுனை தாண்டிப் போயிட்டார். ஆனா போகவும் மனசில்ல! முனையில இருந்து தலையை மட்டும் நீட்டி, ஆள் இன்னும் சுவர்ல இருக்காரான்னு அப்பப்போ எட்டிப் பார்த்திருக்கார். நமக்கே இப்படின்னா தியேட்டர்ல உட்கார்ந்திருக்கறவனுக்கு எப்படி இருக்கும்? அப்பவே கதை கிடைச்சிருச்சு. ஸ்ட்ரோதருக்கும் வேஷம் கொடுத்தாங்க, ஹீரோவோட நண்பனா.

சரி, எப்படி எடுத்தாங்க?

[திரை: வரைபடம்]

நிஜக் கட்டடத்தோட மொட்டை மாடியில, ஓரத்தை ஒட்டி ஒரு பொய்ச் சுவர். கேமராவை வைக்கிற இடத்துலதான் சூட்சுமம்: மாடித் தரை ஃபிரேமுக்குள்ள வராது, நேரா கீழே தெரு தெரியும். கதையில ஹீரோ மேல ஏற ஏற, செட்டும் இன்னும் உயரமான கட்டடத்துக்கு மாறும். தூரத்து ஷாட்ல டூப் உண்டு, ஸ்ட்ரோதரே ஏறினார். கிட்டத்துல தெரியற முகம் லாயிட்தான்.

சுவருக்கு அடியில பலகை மேடை, மேல மெத்தை. "அட, மெத்தை இருக்கே, அப்புறம் என்ன பயம்?"னு கேட்கத் தோணும். அந்த யூனிட்காரங்களுக்கும் தோணியிருக்கு. ஒரு தடவை ஆள் உயர பொம்மையை மேல இருந்து போட்டுப் பார்த்தாங்க. மெத்தையில கரெக்டா விழுந்துச்சு. ஒரு துள்ளு துள்ளுச்சு. ஓரத்தைத் தாண்டி நேரா தெருவுக்குப் போயிருச்சு.