மலையின் பக்கமா, மியூவனின் பக்கமா?

வணக்கம். ஸ்டடி லீவுக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்து, நவீன பௌதிகவியல் நோட்ஸை விரித்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளோடுதான் இன்று என் பேச்சு. பாடம் முழுவதையும் தொடப்போவதில்லை. கடந்தகால வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். என் இறுதிப் பரீட்சையில் நான் கோட்டைவிட்ட கணக்கும் அதுதான்.

வானத்தில் 15 கிலோமீற்றர் உயரத்தில் விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றில் மோதுவதால் மியூவன் என்ற துணிக்கைகள் உண்டாகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீற்றர்தான் தாண்டலாம். ஆனால் இதோ, வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் உள்ளங்கை வழியாக ஏறத்தாழ செக்கனுக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. எப்படி?

அமெரிக்காவில் டேவிட் பிரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இருவர் வாஷிங்டன் மலை உச்சியில் மியூவன்களை எண்ணினார்கள். மணிக்கு 563. கீழே கடல் மட்டத்துக்கு வந்து எண்ணியபோது 410 அளவில் இருந்தது. 1963இல் இதை வெளியிட்டார்கள். அந்த மலையின் உயரம் 1900 மீற்றர் சொச்சம். நம்முடைய நுவரெலியா 1868. அதனால் என் வகுப்பில் நுவரெலியாவில் எண்ணிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிப் போவதாகவே இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பேன்.

மியூவனின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.995 பங்கு. இறங்க 6.4 மைக்ரோ செக்கன் பிடிக்கும். சாதாரணக் கணக்குப்படி 563இல் 30 மிஞ்சினாலே பெரிது. ஆனால் சார்புக் கொள்கைப்படி, வேகமாக ஓடும் பொருளின் நேரம் நமக்கு நீளும், அதோடு கூடவே போகிறவருக்குத் தூரம் சுருங்கும். எத்தனை மடங்கு என்று சொல்லும் காரணி இந்த வேகத்தில் 10. மலையில் நிற்கும் நமக்கு மியூவனின் ஆயுள் 22 மைக்ரோ செக்கனாக நீளுகிறது. 6.4ஐ 22ஆல் வகுத்தால் 0.29. மியூவனோடு கூடவே வருபவருக்கோ ஆயுள் அதே 2.2தான், மலைதான் 190 மீற்றராகச் சுருங்கிவிடுகிறது. இறங்கும் நேரம் 0.64. வகுத்துப் பாருங்கள், அதே 0.29. e-யின் அடுக்காக −0.29 போட்டால் 0.75, அதாவது நூற்றுக்கு 75 பிழைக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆயுளையும் நீட்டினேன், மலையையும் சுருக்கினேன். நூற்றுக்கு 97 என்று விடை வந்தது. சூத்திரங்கள் இரண்டும் சரி, யாருடைய பக்கம் நிற்கிறேன் என்பதைத்தான் தீர்மானிக்கவில்லை. அதனால் விடைத்தாளில் கணக்கைத் தொடங்குமுன் ‘மலையிலிருந்து’ அல்லது ‘மியூவனிலிருந்து’ என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். அப்புறம் கடைசி வரி வரைக்கும் அந்தப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன்கள் வெளியேறும் ஒளிமின் விளைவிலும் இப்படித்தான், எது எதை மாற்றுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளியேறும் இலத்திரன்களின் எண்ணிக்கை கூடும். அவற்றின் உச்ச சக்தி மீடிறனைக் கூட்டினால்தான் கூடும். அலைநீளம் நனோமீற்றரில் இருந்தால் 1240ஐ அதனால் வகுங்கள். ஒளியின் ஒரு பொட்டலமான போட்டனின் சக்தி இலத்திரன் வோல்ற்றில் கிடைத்துவிடும். பரீட்சை மண்டபத்தில் இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரி, இன்றிரவுக்கு ஒரு பயிற்சி. பிதுருதலாகலை உச்சி 2524 மீற்றர். அங்கிருந்து கடல் மட்டம் வரை, அதே வேகத்தில் வரும் மியூவன்களில் எத்தனை பிழைக்கும்? மலையின் பக்கம் நின்று ஒரு தடவை, மியூவனின் பக்கம் நின்று ஒரு தடவை செய்யுங்கள். இரண்டிலும் நூற்றுக்கு 68 வர வேண்டும்.