வலக்கைப் பக்கம் கடல்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெரி என்னும் மாவட்டம் இருக்கிறது. அங்கே 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. ஜூலை மாத முதல் சனிக்கிழமையன்று ஆயிரக்கணக்கானோர் கில்லார்னி நகரில் அதிகாலையில் கூடி, சுமார் 175 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, அதே நகருக்குத் திரும்பி வருகிறார்கள். ரிங் ஆஃப் கெரி என்று அந்தச் சாலைக்குப் பெயர். அந்நாட்டில் பணிபுரிந்த காலத்தில் மூன்று முறை அந்தப் பயணத்தில் கலந்துகொண்டவன் என்ற முறையில் அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இது பந்தயம் அன்று. முந்தி வருபவருக்குப் பரிசு கிடையாது. ஜூலையில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், மெதுவாக வருபவருக்கும் பொழுது போதும். வண்டி ஓட்டுபவர் ஒவ்வொருவரும் உற்றார் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் நன்கொடை திரட்டுகிறார். அந்தத் தொகை, அவ்வாண்டுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டு அமைப்புகளுக்குச் செல்கிறது.

வழியைச் சொல்ல வரைபடம் வேண்டியதில்லை. கடலுக்குள் நீண்டுகிடக்கும் ஒரு தீபகற்பத்தைக் கோயிலை இடமாகச் சுற்றுவது போலச் சுற்றி வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே இடக்கைப் பக்கம் மலையும் வலக்கைப் பக்கம் கடலும் நெடுந்தூரம் உடன் வருகின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு காட்டு ஆட்டுக்கு முடிசூட்டித் திருவிழா நடத்தும் கில்லோர்க்ளின் ஊரைத் தாண்டி, கிளென்பே என்னும் சிற்றூரையும் கடந்தால், சாலை மலைச்சரிவை ஒட்டி ஏறுகிறது. 1960இல் மூடப்பட்ட ரயில் பாதையின் பழைய இரும்புப் பாலம் ஒன்று கல் தூண்கள் மீது வளைந்து நிற்பதை அங்கே காணலாம்.

இனி நான் சொல்ல விரும்புவது காற்றைப் பற்றி. அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வீசும். பயணத்தின் முற்பாதியோ தென்மேற்கு நோக்கியே செல்கிறது. எதிர்காற்றில் மிதிவண்டி மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, சமதரையே மேடாகிவிடும். முதல் ஆண்டு அந்தப் பாலத்தைக் கடந்ததுமே என் தொடைகள் கனத்துப் போயின. அப்போது எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர் என்னைத் தாண்டிச் சென்று, திரும்பிப் பார்த்து, "என் பின்சக்கரத்தை விட்டுவிடாமல் வா, தம்பி" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னார். முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், ஒரு முழ இடைவெளியில் பின்தொடர்பவருக்கு ஏறக்குறைய கால்பங்கு உழைப்பு மிச்சமாகும். காஹெர்சிவீன் வரை அவர் என்னை அப்படியே இழுத்துச் சென்றார். நான் முன்னால் வருவதாகச் சொன்னபோதெல்லாம் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

அவ்வூரில் தேநீருக்கு நின்றபோது, சட்டையின் முதுகுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். நன்கொடையாளர் பட்டியல் அது. மடித்து மடித்து நடுவில் துணிபோல் நைந்திருந்தது. ஐந்து யூரோ, பத்து யூரோ என்று வெவ்வேறு கையெழுத்தில் வரிகள் நிறைந்திருந்தன. கடைசி வரியில் ஒரு குழந்தை பென்சிலால் இரண்டு யூரோ என்று எழுதியிருந்தது. அவருடைய மனைவியின் இறுதி நாட்களில் வீட்டுக்கே வந்து வலி தணித்த செவிலியர்களுக்காக அவர் அதைத் திரட்டுகிறார். அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான், பதிவுக் கட்டணத்தோடு என் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தது எவ்வளவு பிழை என்று உணர்ந்தேன். அடுத்த ஆண்டு முதல் நானும் வீடு வீடாகச் சென்று கேட்டேன். பெருந்தொகை தரும் ஒருவரைத் தேடுவதைவிடச் சிறுதொகை தரும் நாற்பது பேரைப் பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்த நாற்பது பேரும் பயணம் எப்படியிருந்தது என்று மறுநாள் கேட்பார்கள்.

காற்றுக்கு வருகிறேன். வாட்டர்வில் ஊரைத் தாண்டி, கூமகிஸ்தா கணவாயில் சுமார் 200 மீட்டர் உயரம் ஏறி இறங்கியதும் சாலை கிழக்கே திரும்புகிறது. அதுவரை நெஞ்சில் அறைந்த அதே காற்று அங்கிருந்து முதுகைத் தள்ளுகிறது. ஸ்னீம் வழியாகக் கென்மேர் வரையிலான அந்த ஓட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே ஒன்று மட்டும். கென்மேருக்கு அப்பால்தான் மோல்ஸ் கேப் என்னும் கடைசி ஏற்றம். கால்கள் சுமார் 140 கிலோமீட்டர் மிதித்து ஓய்ந்திருக்கும்போது அது வருகிறது. எனவே பசி எடுக்கும்வரை காத்திராமல் கென்மேரிலேயே வயிறார உண்டு, தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். உச்சியைத் தாண்டினால் ஏரிகளைப் பார்த்தபடியே கில்லார்னிக்கு இறங்கிவிடலாம். வணக்கம்.