கட்சி முதலில், சபை பிறகு: அமெரிக்கக் கிறிஸ்தவத்தின் சரிவும் அரசியலும்

வணக்கம். அமெரிக்காவில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோரின் விகிதம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏன் இவ்வளவு குறைந்தது, அந்தச் சரிவில் கட்சி அரசியலுக்கு உள்ள பங்கு என்ன என்பதை இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். இந்த விவாதத்தில் ஒரு பக்கம் புலம்பலும் மறுபக்கம் எக்களிப்பும் கேட்கும் அளவுக்கு எண்கள் பேசப்படுவதில்லை.

[திரையில்: 2007 – 78%, 2014 – 71%, 2023-24 – 62%]

அமெரிக்க அரசு எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்வியே கிடையாது. ஆகவே தனியார் ஆய்வு நிறுவனங்களின் எண்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றுள் விரிவானது பியூ ஆய்வு மையம் மூன்று முறை நடத்திய நாடு தழுவிய மதக் கணக்கெடுப்பு. 2007இல் வயது வந்த அமெரிக்கர்களில் 78 சதவீதத்தினர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றனர். 2014இல் அது 71 ஆகவும், 2023-24இல் 62 ஆகவும் இறங்கியது. அதே காலத்தில் மதம் எதையும் சாராதவர்கள் 16 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாக உயர்ந்தனர். இவர்கள் எல்லோரையும் நாத்திகர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் மதம் எது என்று கேட்டால், “குறிப்பாக ஒன்றும் இல்லை” என்று பதில் சொல்பவர்களே இவர்களில் பெரும்பாலோர். கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937 முதல் கேட்டுவரும் வேறொரு கேள்வியும் இதையே காட்டுகிறது: ஏதேனும் ஒரு தேவாலயத்திலோ வேறு வழிபாட்டுத் தலத்திலோ உறுப்பினராக இருப்போர் 1999இல் 70 சதவீதம்; 2020இல் 47 சதவீதம். பாதிக்கும் கீழே அது இறங்கியது அதுவே முதல் முறை.

இதுவரை சொன்னது மேற்கத்திய நாடுகள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய கதைதான். அமெரிக்காவின் தனித்தன்மை, இதே எண்களை அரசியல் சார்பின்படி பிரித்துப் பார்க்கும்போது வெளிப்படுகிறது. தங்களைத் தாராளவாதிகள் என்று சொல்லிக்கொள்வோரில் கிறிஸ்தவர்களின் பங்கு 2007இல் 62 சதவீதமாக இருந்தது, இப்போது 37. பழமைவாதிகளிடம் 89 ஆக இருந்தது 82 ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் 25 புள்ளிகள் சரிவு, மறுபக்கம் 7 புள்ளிகள். கல்வியோ நகரமயமாதலோ அறிவியலோ மட்டும் காரணமாக இருந்தால், இழப்பு இப்படி அரசியல் கோட்டைப் பிடித்துக்கொண்டு பிளந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்தக் கோடு எப்போது போடப்பட்டது என்பதை அறியச் சற்றுப் பின்னால் செல்ல வேண்டும். 1950களில் அமெரிக்க அரசியலில் கடவுள் எல்லாக் கட்சிக்கும் பொதுவானவராக இருந்தார். சோவியத் ஒன்றியத்தைக் “கடவுளற்ற கம்யூனிசம்” என்று வர்ணித்த அந்தக் காலத்தில், தேவாலயத்துக்குப் போவது நல்ல குடிமகனின் அடையாளமாகவே கருதப்பட்டது. 1954இல் தேசிய உறுதிமொழியில் “கடவுளின் கீழ்” என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. 1956இல் “கடவுளை நம்புகிறோம்” என்பது நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமாயிற்று. இரண்டு கட்சிகளிலும் இதற்குச் சொல்லத்தக்க எதிர்ப்பு எழவில்லை. அன்று மதத்தின் பெயரால் எழுந்த பெரிய சச்சரவு கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலானது. அதனால்தான் அதிபர் வேட்பாளராக நின்ற கத்தோலிக்கர் ஜான் கென்னடி 1960இல் ஹூஸ்டன் நகரத்துப் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, தம் கொள்கை முடிவுகளைத் திருத்தந்தை (போப்) தீர்மானிக்க மாட்டார் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

மதம் வலதுசாரி அரசியலோடு கைகோத்ததற்குக் கருக்கலைப்புதான் தொடக்கப்புள்ளி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது அத்தனை நேரான கதை அல்ல. நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் பேரவை, 1971இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியபோது, பாலியல் வன்முறை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல் அல்லது மனநலத்துக்கு ஆபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காக உறுப்பினர்கள் பாடுபட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று கருக்கலைப்பைத் தீவிரமாக எதிர்த்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். எவாஞ்சலிக்கல் தலைவர்களை (தனிப்பட்ட மனமாற்றத்தையும் வேதாகமத்தின் அதிகாரத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவினர்) முதலில் உசுப்பியது வரிப் பிரச்சினை என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகின்றனர். இன ஒதுக்கலைக் கடைப்பிடித்த தனியார் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை 1970களில் அரசு பறிக்கத் தொடங்கியது. மாணவர்கள் இனம் கடந்து காதலிப்பதைத் தடைசெய்திருந்த தென் கரோலைனாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் தன் வரிவிலக்கு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1983இல் தோற்றது. இந்த வாதத்தை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் பாப்டிஸ்டுகளின் 1971 தீர்மானத்தை மட்டும் படித்தாலே, இன்று இறையியல் உறுதியாகத் தெரியும் ஒரு நிலைப்பாடு எவ்வளவு அண்மையில் உருவானது என்பது விளங்கும்.

[திரையில்: டல்லாஸ், ஆகஸ்ட் 1980]

1979இல் வர்ஜீனியாவின் லின்ச்பர்க் நகரைச் சேர்ந்த தொலைக்காட்சிப் போதகர் ஜெரி ஃபால்வெல், “அறநெறிப் பெரும்பான்மை” என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்போது அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்திய பாப்டிஸ்ட் விசுவாசி. அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனோ விவாகரத்தாகி மறுமணம் செய்துகொண்ட ஹாலிவுட் நடிகர். ஆனாலும் 1980 ஆகஸ்ட் மாதம் டல்லாஸில் திரண்டிருந்த போதகர்களைப் பார்த்து, “உங்களால் என்னை ஆதரிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்; ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன்” என்ற பொருளில் ரீகன் பேசியதும் அரங்கம் அவர் வசமாயிற்று. வரிவிலக்குப் பெற்ற சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்தில் வைத்து, அதை மீறாமலேயே அதன் நோக்கத்தைத் தாண்டிச் சென்ற வாக்கியம் அது. பில்லி கிரஹாம் போன்ற மூத்த பிரசங்கியார், மத அடிப்படைவாதிகளும் வலதுசாரி அரசியலும் மணம் முடித்துக்கொள்வது தமக்குக் கவலை தருவதாக 1981இலேயே எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

சரிவு தொடங்கியது ரீகன் காலத்தில் அல்ல, அடுத்த பத்தாண்டில். 1992இல் ஹூஸ்டனில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் பழமைவாத அரசியல்வாதி பேட் புக்கானன், நாட்டில் ஒரு மதப் போர், ஒரு பண்பாட்டுப் போர் நடக்கிறது என்று முழங்கினார். அதே பத்தாண்டில்தான், மதம் எதுவும் இல்லை என்று சொன்னவர்களின் விகிதம் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இரட்டித்தது. மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002இல் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. கடவுள் நம்பிக்கை அப்படியொன்றும் குறையவில்லை என்பதையும், விலகல் மிதவாதிகளிடமும் தாராளவாதிகளிடமும் மட்டுமே நிகழ்ந்தது என்பதையும், பழமைவாதிகளிடம் மாற்றமே இல்லை என்பதையும் அவர்கள் காட்டினர். மதத்தோடு ஏற்கெனவே மெல்லிய இழையால் மட்டும் இணைந்திருந்தவர்கள், “கிறிஸ்தவன் என்றால் அந்தக் கட்சிக்காரன்” என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியபோது, கட்சியை விடுவதைவிட மத அடையாளத்தை விடுவது எளிது என்று கண்டார்கள்.

இரண்டு போக்குகள் ஒரே காலத்தில் நிகழ்ந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை தேடி டேவிட் கேம்பல், ஜெஃப்ரி லேமன் உள்ளிட்ட அரசியல் ஆய்வாளர்கள் சோதனை முறையில் இறங்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மதமும் அரசியலும் கலந்த செய்தி ஒன்றையும், இன்னொரு பிரிவினருக்கு அந்தக் கலப்பு இல்லாத செய்தியையும் படிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களுடைய மதத்தைக் கேட்டார்கள். கலப்புச் செய்தியைப் படித்த ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடையே, மதம் இல்லை என்று சொல்வோர் கூடினார்கள். குடியரசுக் கட்சியினரிடம் அத்தகைய அசைவு இல்லை. ஒரே ஒரு செய்தித் துண்டுக்கே இந்த விளைவு என்றால், ஆண்டுக்கணக்காகத் தொலைக்காட்சியில் அதையே பார்த்துக்கொண்டிருப்பதன் விளைவை ஊகித்துக்கொள்ளலாம்.

அரசியல் ஒன்றே காரணம் என்று சொல்பவர்களை நான் நம்ப மாட்டேன். பனிப்போர் 1991இல் முடிந்தபோது, மதமின்மைக்கு இருந்த “கம்யூனிஸ்ட்” என்ற கறை போய்விட்டது. மணமாகிப் பிள்ளை பிறந்ததும் தேவாலயத்துக்குத் திரும்புவது அங்கே பழைய வழக்கம். இப்போது திருமணமே தள்ளிப்போகிறது. குருமார்கள் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகளை மேலிடம் மூடிமறைத்ததை 2002இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளிக்கொணர்ந்த பிறகு, கத்தோலிக்கத் திருச்சபை இழந்த நம்பகத்தன்மை சிறிதல்ல. இன்று கத்தோலிக்கராக மாறும் ஒருவருக்கு எதிராக எட்டுப் பேருக்கு மேல் வெளியேறுகிறார்கள்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வலதுசாரிப் போதகர்கள் மீதுள்ள கோபம்தான் காரணம் என்றால், விலகியவர்கள் தாராளவாதம் பேசும் எபிஸ்கோபல், பிரஸ்பிட்டேரியன் சபைகளில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. அந்தப் பழைய புராட்டஸ்டண்ட் சபைகளின் பங்கு 2007இல் 18 சதவீதமாக இருந்து இப்போது 11 ஆகச் சுருங்கிவிட்டது. 1960களிலிருந்தே அவை குறைந்த பிறப்பு விகிதத்தாலும், இளைஞர்களைத் தக்கவைக்க முடியாமையாலும் தேய்ந்துவந்தவை என்பது இதற்கு ஒரு பாதி விளக்கம். மறுபாதி, என் கணிப்பில், இதுதான்: வெளியேறியவர்கள் சபை சபையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, “கிறிஸ்தவம்” என்ற சொல்லே ஒரு கட்சியின் சொத்தாகிவிட்டதாகக் கருதி, மொத்தமாகக் கைகழுவினார்கள்.

[திரையில்: 2016 – 2020]

இந்த ஓட்டம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. பியூ மையம் 2016இலும் 2020இலும் ஒரே நபர்களைக் கேட்டு ஒப்பிட்டது. 2016இல் தங்களை எவாஞ்சலிக்கல் என்று சொல்லாத வெள்ளையர்களில், டொனால்ட் டிரம்ப் மீது நல்லெண்ணம் கொண்டிருந்தோரில் 16 சதவீதத்தினர் 2020க்குள் அந்த அடையாளத்தை ஏற்றிருந்தனர்; டிரம்ப் மீது அத்தகைய எண்ணம் இல்லாதோரில் அப்படி மாறியவர்கள் 1 சதவீதமே. ஞானஸ்நானமோ மனந்திரும்புதலோ இல்லாமல், வாக்குச்சாவடி வழியாகச் சபைக்குள் நுழைந்தவர்கள் இவர்கள் என்று சொன்னால் அது முழுக்க மிகையாகாது.

சபைக்குள் இது என்ன செய்கிறது என்பதற்கு, தெற்கு பாப்டிஸ்ட் பேரவையின் அறநெறிப் பிரிவுக்குத் தலைமை தாங்கி 2021இல் விலகிய ரஸ்ஸல் மூர் சொன்ன செய்தி ஒன்றே போதும். பல போதகர்கள் அவரிடம் ஒரே அனுபவத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆராதனையில் மலைப் பிரசங்கத்தை மேற்கோள் காட்டி, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்று பிரசங்கித்துவிட்டு இறங்கினால், யாராவது ஒருவர் வந்து, “இந்த இடதுசாரிக் கருத்தை எங்கே பிடித்தீர்கள்?” என்று கேட்கிறார். இது இயேசு சொன்னதாயிற்றே என்று போதகர் பதில் சொன்னால், மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, “இருக்கலாம், ஆனால் இனி அது உதவாது, அது பலவீனம்” என்கிறார். அந்தப் பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கை 2006இல் ஏறத்தாழ 1 கோடி 63 லட்சம். இப்போது 1 கோடி 30 லட்சத்துக்கும் குறைவு. எஞ்சியவர்கள் முன்பைவிட ஒரே மனத்தினர், ஒரே கட்சியினர். அதனால் மாற்றுக்கருத்து உள்ளவர் அங்கே தங்குவது மேலும் கடினமாகிறது.

எண்ணிக்கை குறைந்தால் அரசியல் செல்வாக்கும் குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அப்படி நடக்கவில்லை. வெள்ளை எவாஞ்சலிக்கல் புராட்டஸ்டண்டுகள் 2006இல் மக்கள்தொகையில் 23 சதவீதம் என்றும், அண்மை ஆண்டுகளில் 13 அல்லது 14 சதவீதம் என்றும் பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் வாக்களித்தோரிடம் எடுக்கப்படும் கருத்துக்கணிப்புகளில் அவர்கள் பங்கு 20 சதவீதத்துக்கு மேல். கேள்வி கேட்கும் முறை வேறு என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம்தான், ஆனால் அவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்கள் என்பதும் உண்மை. அவர்களில் 10 பேரில் சுமார் 8 பேர் 2016, 2020, 2024 மூன்று தேர்தல்களிலும் டிரம்புக்கே வாக்களித்தனர். டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் சேர்ந்துகொண்ட உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூன் மாதம் ரத்து செய்தது. கிறிஸ்தவர்களின் விகிதம் வரலாற்றிலேயே மிகக் குறைவாக இருந்த ஆண்டுகளில்தான் இந்த வெற்றி கிட்டியது.

ஜனநாயகக் கட்சியின் சிக்கல் வேறு மாதிரியானது. மதம் சாராதவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 7 பேர் அக்கட்சிப் பக்கம் சாய்பவர்கள். அதே கட்சியின் முதுகெலும்பான கறுப்பின அமெரிக்கர்களில் 73 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கித்த அட்லாண்டாவின் எபநேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் போதகராக இருக்கும் ரஃபேல் வார்னாக், 2021 ஜனவரியில் வென்ற இடமே செனட் சபையில் அக்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்க உதவியது. இந்த இரு தரப்பையும் ஒரே மேடையில் வைத்திருக்க வேண்டிய கட்சி, மதத்தைப் பற்றி உரக்கப் பேசவும் முடியாமல், பேசாதிருக்கவும் முடியாமல் தவிக்கிறது. 2025இல் கூடிய அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் 87 சதவீத உறுப்பினர்கள் கிறிஸ்தவர்களாக இருப்பதும், மக்களில் 29 சதவீதமாக உள்ள மதம் சாராதோர் பிரிவில் பதிவானவர்கள் மூவரே என்பதும் இந்தப் பின்னணியில் வியப்பளிக்கவில்லை.

கடைசியாக, 2019 முதல் இந்தச் சரிவு நின்றிருக்கிறது. கிறிஸ்தவர்களின் விகிதம் 60க்கும் 64க்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. இதை மறுமலர்ச்சி என்று கொண்டாடுவோர் இருக்கிறார்கள். அரசியல் காரணமாக வெளியேற வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள் என்பது எனக்கு ஏற்புடைய விளக்கம். தாராளவாதிகளில் மீதமிருக்கும் 37 சதவீதத்தினரில் தங்கள் சபையோடு நெருக்கமான பிடிப்புள்ளவர்களே அதிகம் இருக்கக்கூடும். ஆனால் தலைமுறைக் கணக்கு தனியே ஓடிக்கொண்டிருக்கிறது: 74 வயதைக் கடந்தவர்களில் 80 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள், 18 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் 46 சதவீதத்தினரே. முந்தைய தலைமுறைகள் வயதாக ஆக மதப்பற்றில் கூடவில்லை என்பதையும் அதே கணக்கெடுப்புகள் காட்டுவதால், இந்த இளைஞர்கள் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டாலன்றி, இப்போதைய தேக்கம் நீடிப்பதற்கான வாய்ப்பு குறைவு.