ஓட்டுப் போட ஒரு விமான டிக்கெட்டா?

(காரைக்காலில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்ற கேள்வியை எந்த ஊரில் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பேசும்போது அதற்குத் தனி அர்த்தம் வந்துவிடுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் சொல்தா வீட்டுப் பாட்டி ஒருவர், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் வீட்டுக்காரர், என்னைக் கூப்பிட்டு, “ஓட்டுப் போட்டுவிட்டு வர வேண்டும், துணைக்கு வா தம்பி” என்றார். பிரான்ஸ் அதிபர் தேர்தல். அவர் பாரிஸைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் கணவரின் ராணுவ ஓய்வூதியம் அங்கிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவருக்காக பிரான்ஸ் அரசு இந்த ஊருக்கே வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. நான் வெளியே நின்றேன். போட்டுவிட்டு வந்தார். வீடு திரும்பியபோது உலையில் வைத்துவிட்டு வந்த அரிசி வெந்திருந்தது.

அதே தெருவில் பிறந்த என் தம்பி 26 ஆண்டுகளாக சவூதியில் சபராளி, பிழைக்க வெளிநாடு போனவன். பாட்டி பிரெஞ்சுக் குடிமகள், அவன் இந்தியக் குடிமகன். இத்தனை ஆண்டுகளில் அவன் ஓட்டுப் போட்டது ஒரே ஒருமுறை. அதுவும் விடுமுறையும் தேர்தலும் தற்செயலாக ஒன்றாக வந்ததால். பாரிஸைப் பார்க்காதவர் நடந்துபோய் பிரான்ஸுக்கு ஓட்டுப் போடுகிறார். காரைக்காலை மறக்காதவன் காரைக்காலுக்கு ஓட்டுப் போட முடியவில்லை.

சட்டம் கதவை முழுவதும் மூடிவிட்டதா என்றால், இல்லை. ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற நிபந்தனையால் ஒரு காலத்தில் வெளிநாடு போனவரின் பெயரே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, 2011 முதல் அந்தத் தடை நீங்கியது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், தன் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்கும் நாளில் அவரே நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டுப் போட வேண்டும். பெயரைக் கொடுத்த சட்டம் ஓட்டை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டது.

விளைவை 2024 மக்களவைத் தேர்தல் கணக்கில் பாருங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியக் குடிமக்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். நேரில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். அங்கே கட்சி சார்ந்த அமைப்புகள் ஆட்களைத் திரட்டி ‘வோட்டு விமானம்’ என்றே பெயர் வைத்து அழைத்து வருகின்றன. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓட்டுப் போட ஒரு கட்சியின் ஏற்பாடு தேவைப்படுகிறது என்றால், அந்த ஏற்பாட்டுக்குள் வராதவன் என்ன செய்வான்? ஒரு மாதச் சம்பளத்தை டிக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டியவன் என்ன செய்வான்?

“ஊரில் இல்லாதவனுக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும்? அவன் போடும் ஓட்டின் பலனை அனுபவிப்பவர்கள் இங்கே இருப்பவர்கள்தானே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிரந்தரமாகப் போய்விட்டவர்களை நினைத்துக் கேட்டால் நானும் யோசிப்பேன். ஆனால் வளைகுடாத் தொழிலாளி நிரந்தரமாகப் போனவன் இல்லை. முப்பது ஆண்டுகள் உழைத்தாலும் அந்த நாடு அவனைக் குடிமகன் ஆக்கப்போவதில்லை. வேலை முடிந்தால் திரும்பியே ஆக வேண்டும். அவன் பிள்ளை படிப்பது இங்கே உள்ள பள்ளியில். தாய் வைத்தியம் பார்ப்பது இங்கே உள்ள அரசு மருத்துவமனையில். வெளிநாட்டில் முதலாளி ஏமாற்றினால் அவன் முறையிடுவது நம் தூதரகத்தில். அந்தத் தூதரகம் எப்படி நடக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அரசு பற்றி அவனைவிட அதிகம் பட்டறிந்தவர் யார்? “இத்தனை ஆண்டு வெளியே இருந்தால் ஓட்டு இல்லை” என்று வரம்பு வைக்கலாம் என்பவர்களும் உண்டு. பிரிட்டன் 15 ஆண்டு வரம்பு வைத்திருந்து, 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டது. இங்கே அப்படி வரம்பு வைத்தால் முதலில் விழுவது என் தம்பியைப் போன்றவர்களின் பெயர்தான்.

நம் பக்கத்து வாதம் ஒன்றையும் நான் மறுத்தாக வேண்டும். “அவர்கள் கோடிகோடியாகப் பணம் அனுப்புகிறார்கள், ஆகவே ஓட்டுக் கொடுங்கள்” என்று மேடைதோறும் பேசுகிறோம். வேண்டாம் ஐயா. பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த 1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் நடந்த தேர்தல்களில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். நாட்டில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். அந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டுத்தான் நம் அரசியலமைப்பு பிறந்தது. வேலை போய், அனுப்பப் பணமில்லாமல் அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே ஓட்டுதான் உண்டு.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? பதிலி வாக்கு என்ற யோசனை வந்தது. வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் ஊரில் இன்னொருவர் ஓட்டுப் போடுவது. அதற்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அவை கலைந்தபோது காலாவதியானது. காலாவதியானதில் எனக்கு வருத்தம் இல்லை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கும் நம் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஓட்டை யார் போடுவார்? கணவர், அல்லது அண்ணன். அவள் விருப்பப்படிதான் போட்டார் என்பதற்கு என்ன சாட்சி? தன் கையால் ரகசியமாகப் போடுவதுதான் ஓட்டு. இன்னொருவர் கைக்குப் போனால் அது அவருடைய இரண்டாவது ஓட்டு ஆகிவிடும்.

மின்னணு முறையில் அனுப்பும் தபால் வாக்கு நம் ராணுவத்தினருக்கு ஏற்கெனவே உண்டு. அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கும் தரலாம் என்று 2020-ல் தேர்தல் ஆணையமே மத்திய அரசுக்கு எழுதியது. நல்ல முயற்சி. ஆனால் பாஸ்போர்ட்டையே முதலாளியிடம் கொடுத்துவிட்டு, எட்டுப் பேர் தங்கும் அறையில் இருப்பவனுக்கு ஓட்டுச் சீட்டைப் பதிவிறக்கி அச்சிட்டுத் திருப்பி அனுப்புவது எளிதில்லை. அங்கே ரகசியம் ஏது? தூதரகத்திலேயே வாக்குச்சாவடி வைக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. வளைகுடாவில் அது நடக்காது என்று கைவிரிப்பவர்கள் பிலிப்பைன்ஸைப் பார்க்கட்டும். 2003-ல் சட்டம் போட்டார்கள், 2004-ல் முதன்முதலாக நடத்தினார்கள். 2022 தேர்தலிலும் ரியாத்திலும் துபாயிலும் பணிப்பெண்களும் கட்டடத் தொழிலாளிகளும் நேரில் வந்து ஓட்டுப் போட்டார்கள். ஒரே நாளில் அல்ல, ஒரு மாத அவகாசத்தில். வார விடுமுறை கிடைக்கும் நாளில் வரலாம் என்பதற்காகத்தான் அந்த மாதம். நம் தொழிலாளியும் அதே கட்டடத்தில், அதே சாரத்தில் நின்றுதான் வேலை பார்க்கிறான்.

சபராளிகள் தேர்தல் முடிவையே மாற்றிவிடுவார்கள் என்று கட்சிகள் அஞ்சுவதும் எனக்குத் தெரியும். 2019-ல் நம் பக்கத்துச் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,219 வாக்குகள். லால்பேட்டையும் பரங்கிப்பேட்டையும் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. சபராளி இல்லாத வீடு அங்கே எத்தனை? அஞ்சட்டும். அந்த அச்சம் வந்தால்தான் வேட்பாளர் அந்த வீட்டு வாசலில் நின்று, தூதரகத்தைப் பற்றியும் நாடு திரும்பியவர்களின் மறுவாழ்வைப் பற்றியும் பேசுவார்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்காக எந்த அரசும் தூதரகத்தில் பெட்டி வைக்காது. வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயர் பதிவதற்கான 6ஏ படிவங்களை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். இணையத்திலும் நிரப்பலாம். புகைப்படமும் இந்திய முகவரியும் உள்ள பாஸ்போர்ட் பக்கங்கள், செல்லுபடியாகும் விசா பக்கம், இவற்றின் நகல்கள் வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வீட்டுக்கு வருவார்; வீட்டில் இருப்பவர் விவரம் சொன்னால் போதும். உங்கள் பிள்ளைக்கு இன்று இரவு போன் பேசும்போது பாஸ்போர்ட் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் தம்பி நேற்றே அனுப்பிவிட்டான். இந்த மேசையில் முதல் படிவம் அவனுடையது.