நான் வினையெச்சக் கட்சி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிஷம், வணக்கத்துக்கு இதுக்கு மேல செலவழிக்கிறதா இல்லை.

பட்டதாரியை வளர்ப்பது நிலைத்த ஒரு வேலையா, ஒரே சமயத்தில் பார்க்கும் பல வேலைகளா? நான் பல வேலை அணி. ரெண்டாவது வேலைல அனுமதி கேட்டு, மூணாவது வேலைக்கு லீவு சொல்லிட்டு இங்க வந்து நிக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா எடுத்த எடுப்பிலேயே ஒரு பழமொழியை வீசினார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்." கைதட்டல் கூரையைத் தொட்டுச்சு. நானும் தட்டினேன், பழக்கதோஷம். ஆனா ஐயா, அந்தத் தச்சன் என்ன பண்ணினான்? கண்டான்! இதுவா அதுவான்னு காட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். பார்த்துக்கிட்டே இருக்கிறவன் எப்படி வெட்டுவான்? நாங்க எங்க பார்த்தோம்? காலையில ஒரு மரம், சாயந்திரம் ஒரு மரம், ஞாயித்துக்கிழமை ஒரு மரம்னு வெட்டிக்கிட்டில்ல இருக்கோம்! இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒரே மரத்தை முப்பது வருஷம் கொத்திக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் தச்சன் இல்லீங்க ஐயா, மரங்கொத்தி.

(ஐயா சிரிக்கிறார். பெரிய மனசு.)

அடுத்து வந்த தம்பி, "ஒரே துறையில் மூழ்கினால்தான் முத்து, ஐன்ஸ்டீனைப் பாருங்கள்" என்றார். பார்ப்போம் தம்பி. 1900ல பட்டம். நிரந்தர வேலை கிடைக்காம டியூஷன் எடுத்தார். 1902ல பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்துல மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணர். அங்க வேலை பார்த்துக்கிட்டேதான் 1905ல சார்பியல் கட்டுரை. 1908ல அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தவும் ஆரம்பிச்சார், ஆனா அலுவலகத்தை விட்டது 1909லதான். தம்பி, அவர் எங்க அணி. நானும் இயற்பியல் பட்டதாரிதான். அவர் காப்புரிமை அலுவலகம் போனார், நான் கணக்கு அலுவலகம் போனேன். ஒற்றுமை அதோட முடிஞ்சுது.

என் சங்கதிக்கு வர்றேன். பகல்ல கணக்கு அலுவலகம். சாயந்திரம் ஆறு மணியிலிருந்து கால் சென்டர். ஞாயிறு டியூஷன். கால் சென்டர்ல முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணு: எதிர்ல இருக்கிறவர் கத்தினா குறுக்கே பேசாதே. கத்தி முடிக்கட்டும். வருத்தம் சொல்லு. அப்புறம் பெயரைக் கேளு.

ஒரு நாள் காலை. கோப்பு தாமதம்னு எங்க மேலாளர் கத்துறார். நான் முந்தின ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தவன். கண்ணு திறந்திருக்கு, ஆள் உள்ளே இல்லை. வாய் மட்டும் தானா ஓடுது: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் ஐயா."

மேலாளர் நின்னுட்டார். அலுவலகமே நின்னுடுச்சு. நான் அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது ஐயா." சரி, இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "தங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?"

ஆறு வருஷமா அவர்கிட்ட வேலை பார்க்கிறேன், நடுவர் அவர்களே! அவர் என்ன செஞ்சார் தெரியுமா? சொன்னார்! பெயரைச் சொன்னார்! இனிஷியலோட! என் கால் சென்டர் குரலுக்கு அப்படிக் கட்டுப்பட்டுட்டார். "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா ஐயா?" என்றேன். "வேண்டாம், நன்றி" என்று சொல்லிட்டு அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

வேலை போச்சுன்னு நினைச்சேன். மறு வாரம் ஒரு வாடிக்கையாளர் கொதிச்சுப் போய் வந்தார். மேலாளர் என்னைக் கைகாட்டினார்: "அவன்கிட்ட அனுப்பு." மூலையில பேரேடு பார்த்துக்கிட்டிருந்தவன் முன் மேசைக்கு வந்தேன். இன்னைக்கும் அங்கதான் இருக்கேன். அந்த அலுவலகத்துல எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கலை. பொதுவாவே பயிற்சி வகுப்புன்னா முழுநேரக்காரருக்கு முதல் வரிசை. பகுதிநேரக்காரன் அந்த நேரத்துல ஷிஃப்ட்ல இருப்பான். நாங்க ஒரு வேலையில கத்துக்கிட்டதை இன்னொரு வேலைக்குக் கடத்திக்கிட்டுத்தான் போறோம்.

இப்பத்தான் பேராசிரியர் அம்மா வந்தாங்க. 2009ல சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் எழுதினதை எடுத்துச் சொன்னாங்க. ஒரு வேலையை முடிக்காம அடுத்ததுக்குத் தாவினா, கவனத்துல ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிடும், அதுக்குப் பேர் கவன எச்சம்னாங்க. அதோட விட்டிருந்தா ஒத்துக்கிட்டுப் போயிருப்பேன். "பல வேலை பார்த்து எதையும் கற்காமல் எச்சம் சுமந்து அலைகிறவர்கள்" என்று எங்களைக் குத்திட்டுப் போய் உட்கார்ந்தாங்க.

அம்மா, நீங்க தமிழ்ப் பேராசிரியர். உங்களுக்கே இலக்கணம் சொல்றேன், மன்னிக்கணும். எச்சம்னா என்ன? முடியாம நிக்கிற சொல். "வந்து" என்றால் போதுமா? வந்து என்ன செஞ்சான்? வந்து நின்றான், வந்து கேட்டான். அடுத்த வினையைத் தேடிக்கிட்டு நிக்கும், அது வினையெச்சம். நீங்க எங்களைக் குத்தின வாக்கியத்தையே எடுத்துக்குவோம். "பார்த்து", வினையெச்சம். "கற்காமல்", எதிர்மறை வினையெச்சம். "சுமந்து", வினையெச்சம். எங்க எச்சத்தைத் திட்டுறதுக்கே உங்களுக்கு மூணு எச்சம் வேண்டியிருக்கு! கால் சென்டர்ல பாதியில நின்ன வாக்கியம்தான் அம்மா கணக்கு அலுவலகத்துல போய் முடிஞ்சுது.

களைப்பு உண்டு, இல்லைன்னு சொல்லலை. அதைப் பத்திப் பேச இன்னைக்கு வேண்டாம். வேற ஒண்ணு சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு ஒரே வேலை, 31 வருஷம். எதிரணி சொன்ன அத்தனை நிம்மதியும் அவருக்கு இருந்தது. ஒரு நாள் நிறுவனத்தை மூடிட்டாங்க. அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டாங்க, கழட்டிக் கொடுத்துட்டு வந்தார். கொஞ்ச நாள் வீட்டுல பேச்சே இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை, டியூஷன்ல பெரிய பிள்ளைங்களுக்கு வேலை விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தேன். கடைசி பெஞ்சுல வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பையன்கிட்ட ஒரு தாள் வாங்கிக்கிட்டார். நான் பார்க்காத மாதிரி போர்டுல எழுதிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு கை உயர்ந்துச்சு.

"சார், ஒரு சந்தேகம்."

பிள்ளைங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கலை.

"'என்னென்ன தெரியும்'னு ஒரு கட்டம் போட்டிருக்கே சார். அதுல நான் என்ன எழுதணும்?"

மணி அடிச்சுட்டாங்க. வணக்கம்.