ஈஸ்ட் தந்த தடுப்பூசி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்க்கும் மாணவர்க்கும் என் வணக்கம்.

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட், மருந்துத் தொழிற்சாலைக்குள் வந்த கதையை ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோயிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அந்த வைரஸை உடலில் சுமந்து வாழ்ந்தவர்களின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அவர்களுடைய பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், வைரஸின் மேலுறைப் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதந்தது. அதைப் பிரித்தெடுத்து, வீரியமுள்ள வைரஸ் எதுவும் எஞ்சாதபடி பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றால் பதப்படுத்தினார்கள். அது பாதுகாப்பான மருந்துதான். ஆனால் எய்ட்ஸ் தலைகாட்டிய காலம் அது. பிறர் இரத்தத்திலிருந்து வந்த ஊசிக்கு மக்கள் அஞ்சியதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கிடைக்கும் இரத்தத்தின் அளவே தடுப்பூசியின் அளவு என்ற நெருக்கடியும் கூடவே இருந்தது.

1982இல் வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் ஆகிய அறிவியலாளர்களை உள்ளடக்கிய குழு, மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட் செல்லுக்குள் செலுத்தி, அந்தப் புரதத்தை ஈஸ்டையே தயாரிக்கச் செய்த ஆய்வை வெளியிட்டது. ஈஸ்டிலிருந்து கிடைத்த புரதம் தனித்தனி மூலக்கூறுகளாகச் சிதறிக் கிடக்கவில்லை. நோயாளியின் இரத்தத்தில் காணப்படுவதைப் போலவே, ஏறத்தாழ 22 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் திரண்டிருந்தது. இந்த வடிவம்தான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது, ஏனெனில் நம் உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக அடையாளம் கண்டுகொள்வது இந்த உருண்டையைத்தான். மனித செல் இப்புரதத்தின்மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலி ஈஸ்ட் தயாரிப்பில் இல்லை. ஆயினும் பாதுகாப்பு குறையவில்லை. உள்ளே வைரஸே இல்லாததால் ஊசியால் நோய் வர வழியில்லை. 1986இல் இந்த ஈஸ்ட் தடுப்பூசி ஒப்புதல் பெற்றபோது, மரபணு மாற்று முறையில் உருவாகி மனிதர்க்கு வந்த முதல் தடுப்பூசி ஆயிற்று. இன்சுலினும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியும் பின்னர் இதே ஈஸ்டிலிருந்து வந்தன.

1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், மெத்தனாலை உண்டு வளரக்கூடிய பிகியா பாஸ்டோரிஸ் என்னும் வேறோர் ஈஸ்டைக் கொண்டு இத்தடுப்பூசியை இந்தியாவிலேயே உருவாக்கி, இறக்குமதி ஊசியைவிட மிகக் குறைந்த விலையில் விற்றது. விலையைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையோடு பேசக் காரணம் உண்டு. பிறக்கும்போதே இந்த வைரஸ் தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. ஆகவே முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள், தாய் ஏழையாயினும் செல்வராயினும், ஒவ்வொரு குழந்தைக்கும் போட்டாக வேண்டும்.