பனிக்கு அடியில் இருக்கும் சூடு

வடதுருவத்தில் கடல்பனி ஏன் உருகுகிறது என்று கேட்டால், காற்று சூடாகிவிட்டது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தவறில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். மீதி பனிக்கு அடியில் நடக்கிறது. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

2012 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். சைபீரியா பக்கம் கிளம்பிய ஒரு புயல் ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவுக்கு வந்தது. 6ஆம் தேதி அதன் மையத்தில் காற்றழுத்தம் 966 மில்லிபார்; இந்த எண் குறையக் குறையப் புயல் வலுக்கும். கோடையில் அங்கே இவ்வளவு வலுவான புயல் அபூர்வம். பனித்தட்டுகளைக் காற்று உடைத்துத் தள்ளியது கண்ணுக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை கீழே நடந்தது.

கோடை வெயில் கடலுக்குள் இறங்கி, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் சூடான அடுக்காகத் தங்கியிருக்கும். சூடு என்றதும் வெந்நீரை நினைக்காதீர்கள். கடல்நீர் உறைவது மைனஸ் 1.8 டிகிரியில், அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே பனிக்குச் சூடுதான். சரி, சூடான நீர் மேலே வந்துவிடாதா? வராது. அந்தக் குளிரில் எந்த நீர் கனம், எது லேசு என்பதை உப்புதான் முடிவு செய்கிறது. பனி உருகிய நீரில் உப்பு குறைவு, அது மேலே நிற்கும். உப்பு கூடிய சூடான நீர் அடியிலேயே கிடக்கும், டம்ளர் அடியில் தங்கிய சர்க்கரை மாதிரி. புயல் வந்து கலக்கிவிட்டது. பனி அடிப்பக்கமாகக் கரைந்தது.

செப்டம்பரில் மிஞ்சிய பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். 1979இல் தொடங்கும் செயற்கைக்கோள் பதிவில் அவ்வளவு குறைவாக அதற்கு முன் இருந்ததே இல்லை.

அப்படியானால் பழி புயலுக்கா? ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் புயலை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். கூடுதலாக மிஞ்சிய பனி ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர்தான். புயல் இல்லாவிட்டாலும் பனி முந்தைய மிகக் குறைந்த அளவுக்கும் கீழே போயிருக்கும். பனி ஏற்கெனவே அவ்வளவு மெலிந்து போயிருந்தது. என்னைக் கேட்டால், புயலைவிட இதுதான் பயமுறுத்துகிற செய்தி.

காற்று சூட்டைக் கலக்கிவிடுவதோடு நிற்பதில்லை, வெளியிலிருந்து கூட்டியும் வரும். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கரையை ஒட்டி அட்லாண்டிக்கின் சூடான நீரோட்டம் போகிறது. 2005-06 குளிர்காலத்தில் கரையோரமாக விடாமல் வீசிய காற்று, அந்த நீரைக் காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்குடாவுக்குள் இழுத்துவிட்டது. உறைய வேண்டிய குடா சரியாக உறையவில்லை. அதற்கப்புறம் பழைய அளவுக்குப் பனி பிடிப்பதே அரிதாகிவிட்டது.

அந்தக் குடாவின் கரையில்தான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014இல் அதே குடாவின் அடியில் 'இண்டார்க்' என்ற கருவித் தொடரை நங்கூரமிட்டார்கள். வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் அந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார். இந்த அரங்கில் இருக்கும் பொறியியல் மாணவர்கள் ஒருமுறை அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள், அவ்வளவு குளிரில் ஒரு சென்சாரை ஆண்டு முழுக்க ஓட வைப்பது எப்படி என்று.